பராமரிப்பவரின் முதுகு

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், முதுமைத் தளர்ச்சியால் தாமாக எழ இயலாதவர் என எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வரும் நோயாளிகளில் தனியாக வருபவர் மிகச் சிலரே. மனைவியோ மருமகளோ மகனோ ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உடன் வருகிறார். நோயாளியைப் பற்றிய பேச்செல்லாம் முடிந்து, மருந்துச் சீட்டும் கைக்கு வந்த பிறகு, அவர் சற்றுத் தயங்கி நின்று, "எனக்கும் கொஞ்ச நாளா இடுப்பு பிடிச்சிருக்கு டாக்டர்" என்பார். பதிவேட்டில் பெயரில்லாத அந்த இரண்டாவது நோயாளிக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவர் தம் வலியைப் பெரிதாகச் சொல்வதில்லை. வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது தம் இடுப்பைப் பற்றிப் பேசுவதையே கூச்சமாகக் கருதுபவர்கள் பலர். ஆனால் பராமரிப்பவரின் முதுகு முடங்கினால், படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட ஆளிருக்காது. படுக்கைப்புண் தோன்றச் சில நாட்களே போதும். தூக்கிக்கொண்டிருக்கும்போதே இடுப்பு 'பிடித்துக்கொண்டால்' கைப்பிடி நழுவும். இருவரும் சேர்ந்து விழுவார்கள். எனவே அவருடைய முதுகைக் காப்பது நோயாளியின் சிகிச்சையில் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

எடை மட்டுமே காரணமன்று

"அன்றைக்கு அப்பாவைத் தூக்கினேன், அப்போதே ஜவ்வு விலகிவிட்டது" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் விளக்கம். வலி தொடங்கிய நாள் அதுவாக இருக்கலாம். ஆனால், அந்த நாளுக்கு முதுகைப் பல மாதங்களாகத் தயார் செய்துவைத்தவை வேறு: நாள் முழுவதும் கூனி உட்காரும் வழக்கம், சுருங்கிப்போன தொடைத் தசைகள், இடுப்பில் மடங்க வேண்டிய இடத்தில் முதுகை வளைக்கும் பழக்கம். தூக்கும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இறுகிய உடலால் சரியான முறையில் குனிய முடியாது. எவ்வளவு கற்பித்தாலும் அது பழைய வளைவுக்கே திரும்பும்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றிடையே உள்ள தட்டுகளையே மக்கள் 'ஜவ்வு' என்கிறார்கள். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் களி போன்ற மென்பொருள் உண்டு. அதைச் சுற்றிப் பல அடுக்கு நார் வளையம் உண்டு. முதுகை முன்னோக்கி வளைக்கும்போது தட்டின் முன்பகுதி நசுங்குகிறது, பின்பகுதி இழுபடுகிறது. நரம்புகள் செல்வது பின்பக்கத்தில். சுமையும் வளைவும் சேர்ந்து மீண்டும் மீண்டும் நேரும்போது நார் வளையத்தின் பின்பகுதி சிறிது சிறிதாகத் தேய்கிறது.

சுவீடனின் எலும்பியல் அறிஞர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து காட்டினார். பின்னர் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆய்வாளர்கள், தன்னார்வலர் ஒருவரின் தட்டுக்குள் மெல்லிய உணர்கருவியைப் பொருத்தி, அன்றாடச் செயல்களின்போது நேரும் அழுத்தத்தை அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. அதே எடையை முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது 1.7. தூக்கிய எடையை உடலோடு ஒட்டி வைத்து நின்றபோது 1.1, உடலிலிருந்து தள்ளிப் பிடித்தபோது 1.8. கார் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 0.2 மெகாபாஸ்கல் என்பதோடு ஒப்பிட்டால், வளைந்த முதுகின் தட்டு தாங்குவது எவ்வளவு என்பது விளங்கும்.

இது ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு. எல்லோருக்கும் இதே எண்கள் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். ஆயினும் எடை மாறாமலே, உடலின் நிலை மாறியதால் மட்டும் சுமை ஏறியும் இறங்கியும் வருகிறது என்பது இதில் தெளிவு. எடையை நம்மால் குறைக்க முடியாது. அறுபது கிலோ தந்தை அறுபது கிலோதான். அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில், எப்படி மடங்கி நிற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவ்வளவையும் படித்துக் குனிவதற்கே அஞ்ச வேண்டாம். முதுகு கண்ணாடிப் பாத்திரமன்று. வாசலில் கோலமிடும் பெண்களும் வயலில் நாற்று நடுபவர்களும் குனிந்தே வேலை செய்கிறார்கள். குனிவதே நோயென்றால் ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். வலியே இல்லாத நாற்பது வயதினரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிகிறது. ஆகவே படத்தைக் கண்டு கலங்கவும் வேண்டாம். நாங்கள் எச்சரிப்பது சுமையோடு வளைவதையும், ஓய்வின்றி வெகுநேரம் வளைந்திருப்பதையும், வளைந்திருந்த உடனே சுமை தூக்குவதையும்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பாய்ந்தெழும் நேரம்

இவற்றுள் கடைசியாகச் சொன்னதை மக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. கட்டிலருகே முதுகு சாய இடமில்லாத பிளாஸ்டிக் முக்காலி. பராமரிப்பவர் அதில் அமர்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, கைப்பேசியைப் பார்த்தபடியோ கண்ணயர்ந்தபடியோ ஒரு மணி நேரம் கூனியிருக்கிறார். திடீரென்று நோயாளி "பாத்ரூம்" என்கிறார். அவசரம். இவர் பாய்ந்தெழுந்து, அப்படியே குனிந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார். முதுகு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் மிகக் கடுமையான வேலை கொடுக்கப்படுகிறது.

முதுகெலும்புகளைப் பின்புறத்தில் இணைத்துக் கட்டும் நாண்கள் வெகுநேரம் இழுபட்டால் சிறிது நீண்டுவிடுகின்றன. நனைந்த பருத்திக் கயிறு தொங்கவிட்டால் நீள்வதைப் போல. இருபது நிமிடங்கள் முழுதும் கூனி அமர்ந்தவர்கள் எழுந்த பின்பு, அந்தத் தளர்ச்சியில் பாதியளவே முதல் இரண்டு நிமிடங்களில் சரியாகிறது; அரைமணி கழித்தும் சிறிது எஞ்சுகிறது என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அளந்து 1992-இல் வெளியிட்டனர். நாண்கள் தளர்ந்திருக்கையில் முள்ளெலும்புகளின் பிடிமானம் குறைகிறது.

ஆகவே எங்கள் முதல் அறிவுரை மிக எளியது. உட்கார்ந்திருந்து எழுந்தால் உடனே தூக்காதீர்கள். நிமிர்ந்து நில்லுங்கள், இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து மெதுவாகப் பின்னோக்கி நான்கைந்து முறை சாயுங்கள், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆழ்ந்து மூச்சிழுங்கள், அறைக்குள் ஒரு சுற்று நடங்கள். இரண்டு நிமிடங்கள் ஆகும். நோயாளி அவசரப்படுத்துவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவசரம் வருவதற்கு முன்பே, இரண்டு மூன்று மணிக்கொருமுறை நேரம் வைத்துக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது இருவருக்கும் நல்லது. முக்காலியை அகற்றிச் சாய்மானமுள்ள நாற்காலியைப் போட்டு, இடுப்பின் வளைவில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் கூன் விழுவது பாதி குறையும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் படுத்திருக்கையில் தட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. அதனால்தான் நாம் எல்லோரும் மாலையைவிடக் காலையில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே கூடுதல் உயரத்தில் பாதி இறங்கிவிடுகிறது. புடைத்த தட்டு வளைவதற்கு எளிதில் இடம்தராது. அப்போது வளைத்தால் இழுவிசை மற்ற நேரத்தைவிட மிக அதிகம். ஆனால் பராமரிப்பவரின் நாளிலேயே கடினமான வேலைகள், அதாவது துணி மாற்றுவதும் உடல் துடைப்பதும் எழுப்பி உட்காரவைப்பதும், எழுந்தவுடனே தொடங்கிவிடுகின்றன. கண் விழித்ததும் பல் துலக்கி, காப்பி போட்டு, வாசல்வரை நடந்து, அரைமணியாவது கழித்து அந்த வேலைகளைத் தொடங்குங்கள். அதற்கு முன்பே தேவை வந்தால், தூக்காமல் புரட்டும் வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

எந்தத் தசை இறுகினால் என்ன ஆகிறது

குனிதல் இரண்டு இடங்களில் நிகழலாம்: இடுப்பு மூட்டில், அல்லது முதுகில். இடுப்பு மூட்டு பந்துக்கிண்ண மூட்டு, மடங்குவதற்கென்றே அமைந்தது. ஆனால் தொடையின் பின்தசைகள் இறுகியிருந்தால் அது மடங்காது. அத்தசைகள் நாம் உட்காரும் எலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. அவை சுருங்கியிருந்தால், குனியும்போது இடுப்புக்கூடு முன்னோக்கிச் சாய முடியாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கப்படுகிறது. மீதிக் குனிவு முழுவதையும் முதுகே வளைந்து ஈடுகட்ட நேர்கிறது. முதுகு வலி என்று வருபவரின் காலை நாங்கள் தூக்கிப் பார்ப்பது ஏன் என்று வியப்பவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

இடுப்பின் முன்புறத்தில், முள்ளெலும்புகளிலிருந்தே புறப்பட்டுத் தொடையெலும்பில் சேரும் தசை ஒன்று உண்டு. நாள்தோறும் பல மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அது குறுகுகிறது. எழுந்து நின்றால் அது முதுகை முன்னுக்கு இழுத்து, கீழ்முதுகில் அளவுக்கு மீறிய பள்ளத்தை உண்டாக்கும். நின்றால் வலி, உட்கார்ந்தால் சுகம் என்பவர்களில் சிலருக்கு இதுவே காரணம். மார்புத் தசைகள் இறுகினால் தோள்கள் முன்னே விழுகின்றன. கெண்டைக்கால் இறுகினால் குதிகாலைத் தரையில் ஊன்றிக் குந்த முடியாது. குந்த முடியாதவர் குனிவார். தரையில் குந்தி வேலை செய்த தலைமுறைக்கு இந்தத் தசைகளை யாரும் தனியாக நீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாழ்க்கையைப் புகழ்ந்து பேசுவது எங்கள் நோக்கமன்று. அதில் தேய்ந்த முழங்கால்களையும் நாங்கள் பார்க்கிறோம். இழந்த நீளத்தை இப்போது முயன்று மீட்க வேண்டியிருக்கிறது என்பதற்காகவே சொல்கிறோம்.

நீட்டல் பயிற்சிகள்

தொடைப் பின்தசைக்கு: பலரும் நின்றபடி குனிந்து கால் விரலைத் தொட முயல்கிறார்கள். இறுகிய தசையுள்ளவருக்கு இது முதுகையே வளைக்கும், தசை நீளாது. அதற்குப் பதிலாகத் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். மற்றக் காலின் பாதத்தில் நீளமான துண்டையோ துப்பட்டாவையோ மாட்டி, இரு முனைகளையும் கையில் பிடித்து, முழங்காலை இயன்றவரை நேராக வைத்துக் காலை மெல்ல உயர்த்துங்கள். தொடையின் பின்புறம் இதமாக இழுபடும் இடத்தில் நிறுத்துங்கள். துடிதுடிக்கும் வலியோ, பாதம்வரை மின்சாரம் போன்ற சுரீர் உணர்வோ வந்தால் அது தசையன்று, நரம்பு, உடனே தளர்த்துங்கள். முப்பது விநாடிகள் அப்படியே வைத்திருங்கள். 15 விநாடிகளைவிட 30 விநாடிகள் பலன் தருகின்றன. 30-ஐ 60 ஆக்குவதால் இளையோருக்குக் கூடுதல் பலன் இல்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் மட்டும் ஒரு நிமிடம் வைத்திருப்பது நல்லது. குலுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. வாரத்தில் ஐந்து நாட்களாவது செய்தால் ஆறு வாரங்களில் வேறுபாடு தெரியும். ஆறு நாட்களில் தெரியாது. பாதியில் விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் விடுகிறார்கள்.

இடுப்பின் முன்தசைக்கு: மடித்த போர்வையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்துப் பாதத்தைத் தரையில் பதியுங்கள். சமநிலைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம். வயிற்றை இலேசாக உள்ளிழுத்து, ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்குங்கள். பிறகு உடல் முழுவதையும் சிறிது முன்னே நகர்த்துங்கள். முதுகைப் பின்னே வளைத்து ஏமாற்றக் கூடாது. முழங்காலை ஊன்ற இயலாதவர்கள் கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்து, மற்றக் காலை வெளியே தொங்கவிட்டாலும் அதே தசை நீளும்.

மார்புக்குக் கதவு நிலையே போதும். முன்னங்கைகளை நிலையின் இருபுறமும் தோள் உயரத்தில் வைத்து ஒரு காலை முன்னே எடுத்து வையுங்கள். கெண்டைக்காலுக்குச் சுவரில் கை ஊன்றி, பின்னங்காலின் குதி தரையைவிட்டு எழாமல் முன்னே சாயுங்கள். இவையும் முப்பது விநாடிகள்தாம்.

கூனி உட்கார்ந்து கீழ்முதுகில் பிடிப்பு ஏற்பட்டவர்கள் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையைவிட்டு எழாமல் மார்பை மட்டும் உயர்த்திச் சில விநாடிகள் இருக்கலாம். ஐந்து முதல் பத்து முறை. வலி காலிலிருந்து முதுகை நோக்கிச் சுருங்கி வந்தால் நல்ல அறிகுறி. முதுகிலிருந்து காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு எங்களைப் பாருங்கள்.

நீட்டிய தசையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது அடுத்த படி. மாப் கம்பு ஒன்றை முதுகோடு ஒட்டி நெடுக்காகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட வேண்டும். முழங்காலை இலேசாக மடக்கி, பின்னால் உள்ள நாற்காலியில் உட்காரப்போவது போலப் பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். மூன்று இடங்களில் எதிலிருந்தேனும் கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அந்த எல்லையே இன்று உங்கள் குனிவின் அளவு. அதற்குக் கீழே போக வேண்டுமானால் முழங்காலை மடக்க வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல எல்லை இறங்கி வருவதைக் காண்பீர்கள்.

நீட்டல் பயிற்சி மட்டுமே முதுகு வலியைத் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பீடு, உடற்பயிற்சியும் சரியான முறைகளைக் கற்பதும் சேர்ந்தே வலி வருவதைப் பெருமளவு குறைப்பதாகக் காட்டியது. கற்பித்தல் மட்டுமாக இருந்தால் பலனில்லை. மருந்துக்கடையில் தொங்கும் இடுப்புப் பட்டைக்கும் தடுக்கும் ஆற்றல் இருப்பதாகத் தெரியவில்லை. பட்டை அணிந்திருக்கிறோம் என்ற துணிச்சலில் கூடுதலாகத் தூக்குபவர்களையும் பார்க்கிறோம். அந்தப் பணத்தில் சக்கர நாற்காலிக்கு நல்ல பிரேக் போட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

நோயாளியைத் தூக்காமல் நகர்த்துதல்

மனிதரைத் தூக்குவது மூட்டை தூக்குவது போன்றதன்று. மூட்டை அசையாது, திமிறாது, பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. அமெரிக்காவின் பணிசார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வல்லுநர் 2007-இல் நோயாளிகளைக் கையாளும் பணியாளர்களுக்கு ஒரு வரம்பைப் பரிந்துரைத்தார்: எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையிலும் ஒருவர் தம் கையால் தாங்கும் எடை 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நம் வீடுகளுக்கு வரும் தண்ணீர் கேன் 20 கிலோ. அறுபது கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ. இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கினாலே வரம்பு கடந்துவிடுகிறது. ஆகவே 'சரியாகத் தூக்குவது எப்படி' என்ற கேள்விக்கு எங்கள் விடை, முழு எடையையும் ஒருவர் தனியாகத் தூக்காமல் இருப்பதே. புரட்டலாம், சறுக்கலாம், சாய்க்கலாம். நோயாளியின் எஞ்சிய வலிமையைப் பயன்படுத்தலாம்.

முதலில் கட்டில். தரையில் பாயிலோ நடுவே தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலோ நோயாளி படுத்திருந்தால் எந்த நுட்பமும் உதவாது. உறுதியான கட்டில் வேண்டும். நோயாளி ஓரத்தில் அமர்ந்தால் அவருடைய பாதங்கள் தரையில் முழுதும் பதிய வேண்டும். உடல் துடைப்பது, துணி மாற்றுவது போன்ற வேலைகளின்போது கட்டில் உங்கள் இடுப்பு உயரத்தில் இருப்பதே சிறப்பு. உயரம் மாற்ற இயலாத கட்டிலாயின், ஒரு முழங்காலை மெத்தையின் மேல் ஊன்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். நோயாளியை நெருங்கவும் முடியும், முதுகும் வளையாது.

படுக்கையில் மேலே நகர்த்த அக்குளைப் பிடித்து இழுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பக்கவாதம் கண்டவரின் தளர்ந்த தோள் மூட்டு இதனால் இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். தோளிலிருந்து தொடைவரை படும்படி நான்காக மடித்த பருத்தி விரிப்பை அவருக்கு அடியில் எப்போதும் போட்டுவையுங்கள். இருபுறமும் இருவர் நின்று, விரிப்பின் ஓரத்தை உடலுக்கு அருகில் சுருட்டிப் பிடித்து, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உங்கள் எடையை மாற்றி அவரைச் சறுக்கி நகர்த்துங்கள். முடிந்தவர் முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்தித் தாமே உதவுவார். உதவச் சொல்லிக் கேளுங்கள். பல வீடுகளில் அன்பின் மிகுதியால் அவரை ஒன்றும் செய்யவிடுவதில்லை. அதனால் அவருடைய தசையும் குறைகிறது, உங்கள் சுமையும் கூடுகிறது.

எழுப்பி உட்காரவைக்க, மல்லாந்திருப்பவரை நேராக இழுக்காதீர்கள். முழங்கால்களை மடக்கிப் பக்கவாட்டில் புரட்டுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால்கள் இறங்க இறங்க உடல் தானாகவே எழத் தொடங்கும். தோளுக்கு அடியில் ஒரு கை கொடுத்தால் போதும். எழுந்தவுடன் தலைசுற்றல் வரலாம். ஓரிரு நிமிடங்கள் அமர்ந்திருக்கட்டும்.

நாற்காலிக்கு மாற்றும்போது அதை நோயாளியின் வலுவான பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்துங்கள். பிரேக்கைப் போட்டு, கால்தாங்கியை மடக்குங்கள். அவரைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வையுங்கள். அவருடைய இடுப்பில் அகலமான பெல்ட்டையோ உறுதியாக முடிந்த துண்டையோ கட்டி அதைப் பற்றிக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால்களால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முட்டுக்கொடுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும்வரை அவரை முன்னே சாயச் சொல்லுங்கள். இந்தச் சாய்வில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னே சாய்ந்தவரின் பிட்டம் தானாக எழும், பின்னே சாய்ந்தவரை மூவர் சேர்ந்தாலும் எழுப்புவது கடினம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் எழுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் சிறு சிறு அடிகளாகப் பாதங்களை நகர்த்துங்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள்.

விழத் தொடங்குபவரைத் தாங்கிப் பிடிக்க முயல்வது இயல்பு. ஆனால் பராமரிப்பவர்களின் கடுமையான காயங்கள் பல அந்த நொடியில்தான் நேர்கின்றன. அவரை உங்கள் உடலோடு அணைத்து, உங்கள் தொடையின் மேல் சறுக்கவிட்டு, தலை மோதாமல் மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். காயம் உண்டா என்று பார்த்த பிறகு, வேறொருவர் வரும்வரை தலையணை வைத்துத் தரையிலேயே படுக்கவையுங்கள்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்

புதிதாக வந்த இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் தணிந்துவிடும். ஓரிரு நாட்களுக்கு மேல் படுத்த படுக்கையாக ஓய்வெடுப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். வலி பொறுக்கும் அளவில் நடமாடுங்கள். சுளுக்கெடுக்கச் சென்று முதுகை மிதிக்கவிட வேண்டாம், முறுக்கவும் விட வேண்டாம்.

கால் அல்லது பாதம் பலவீனமடைவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போவது ஆகியவை அவசர நிலைகள்; நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி, கீழே விழுந்த பின் வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. எலும்பு மெலிவு உள்ளவர்களும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களும் முன்னே வளையும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். முள்ளெலும்பு நசுங்கும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் மேலே கூறிய பயிற்சிகளைத் தொடங்குமுன் எங்களிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே, வீட்டில் உண்மையில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் எவரோ அவர் நேரில் வந்து, நாற்காலிக்கு மாற்றுவதை எங்கள் இயன்முறை சிகிச்சையாளர் முன்னிலையில் இரண்டு முறையாவது செய்து பார்க்க வேண்டும். செலவுக் கணக்கைப் பார்க்க வரும் அண்ணன் கற்றுக்கொண்டு, வீட்டில் தூக்கப்போவது மருமகள் என்றால் பயனில்லை. வரும்போது மூன்று அளவுகளை எழுதி எடுத்து வாருங்கள்: தரையிலிருந்து மெத்தையின் மேற்புறம்வரை கட்டிலின் உயரம், கழிவறைக் கதவின் அகலம், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நிற்க உள்ள இடம்.